பின்னால் ஒரு வீடு வருகிறது

கேரவன் என்றதும் நம்மவர்களுக்குக் கோடம்பாக்கம்தான் ஞாபகம் வரும். ஏ.சி. ஓடும், கதவு சாத்தியிருக்கும், உள்ளே நட்சத்திரம், வெளியே குடையோடு ஒருவர். பிரிட்டனில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அங்கே கேரவன் என்பது எஞ்சின் இல்லாத சக்கர வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. நடக்கச் சொந்தக் கால் மட்டும் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். நட்சத்திரம் எவரும் அதில் வருவதில்லை. ஓய்வுபெற்ற கணக்காளரும் அவர் மனைவியும் வருவார்கள். அவர்களும் வண்டி ஓடும்போது உள்ளே உட்காரக் கூடாது என்பது சட்டம்.

லெஸ்டர் நகரத்து வாசல் ஒன்றில் அப்படி ஒரு வீடு நிற்கிறது. வீட்டை இழுக்கிறவர் என்பதால் அதன் சொந்தக்காரரை வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு சனிக்கிழமை காலை 'சாட்நாவ்' வாங்கக் கிளம்பினார். வழிகாட்டிக் கருவிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

"போனில்தான் மேப் இருக்கிறதே, அதற்குத் தனியாக எதற்கு நானூறு பவுண்டு?" என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. காரணம், போன வருஷத்து டெவன் பயணம்.

டெவனின் கிராமத்துச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் கரை, கரைமேல் வேலிச்செடி, நடுவே ஒரு கார் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கி, ஒதுங்க இடமுள்ள மூலைக்குப் போக வேண்டும். போன் வீட்டுக்காரரையும் வீட்டுக்காரம்மாவையும் அப்படி ஒரு சந்துக்குள் அனுப்பியது. பத்து நிமிஷம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் அனுப்பியது. எதிரே டிராக்டர் வந்தது. டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார்.

கேரவன் மாட்டிய காரைப் பின்னால் எடுப்பது தனி வித்தை. வீடு வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் காரும் வீடும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்ளும். வீட்டுக்காரம்மா பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்ட, ஒரு பர்லாங்கைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் போன் நிதானம் இழக்காமல், "வாய்ப்புக் கிடைக்கும்போது யூ-டர்ன் எடுக்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காரும் கேரவனுமாகச் சேர்த்தால் 12 மீட்டர் நீளம்.

போனைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், கார் எங்கே நிற்கிறது என்பது சில மீட்டர் வித்தியாசத்தில் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை இந்த வசதியும் கிடையாது. பொதுமக்களுக்குப் போகும் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் சாட்நாவ் வியாபாரம் சூடு பிடித்தது. ஆக, கார் எந்தத் தெருவில் எந்த வாசலில் நிற்கிறது என்பது வரைக்கும் கருவிக்குத் தெரியும். பின்னால் ஒரு வீடு வருகிறது என்பது மட்டும், நாம் சொன்னால் ஒழியத் தெரியாது.

கேரவனுக்கென்று கருவி தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இழுத்து வருவதைப் பற்றி அதனிடம் சொல்ல இடம் இருக்கிறதா? கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்கள் 'கேம்ப்பர்' என்ற பெயரிலேயே இதற்கென மாடல்கள் விற்கின்றன. உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் உள்ளே போட்டால், குறுகிய சந்து, தாழ்ந்த பாலம், எடை தாங்காத பாலம் என்று தன் வரைபடத்தில் உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு வழி சொல்லும். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் ராதர்ஹித் சுரங்கச் சாலை இருக்கிறது. அதில் போகும் வண்டிக்கு உயர வரம்பும் 2 மீட்டர்தான், அகல வரம்பும் 2 மீட்டர்தான். சாதாரணக் கருவி கேரவனை அதன் வாசல்வரை கூட்டிப்போய் நிறுத்தும். கேம்ப்பர் கருவி வேறு பாலம் தேடும்.

கருவி வீடு வந்த அன்று வாசலில் அளவெடுப்பு நடந்தது. டேப்பின் ஒரு முனை வீட்டுக்காரரிடம், மறுமுனை வீட்டுக்காரம்மாவிடம். அகலம் 2.3 மீட்டர். நீளம், கொக்கித் தண்டோடு சேர்த்து 7.4. உயரத்துக்குக் கூரைமேல் துடைப்பக் கட்டையைப் படுக்கப்போட்டு அதிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார்கள்: 2.6. அதற்குள் டி.வி. ஆன்டெனாவைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வழக்கு. ஓடும்போது மடக்கித்தானே வைப்போம் என்றார் அவர். போன தடவை மடக்கியதாக ஞாபகம் இல்லையே என்றார் அம்மா.

அளவுகளை வீட்டுக்காரரே பதிவு செய்தார். கருவி அடிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அது பாவம், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஏழடிச் சொச்சம் நீளம், இரண்டேகாலடி அகலம், இரண்டரையடி உயரம். நம் கல்யாண மண்டபத்துப் பந்தி மேஜையின் அளவு. அதை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு எந்தச் சந்துதான் ஆகாது? முதல் ஒத்திகையிலேயே அது மறுபடியும் டெவன் சந்துக்கு வழி போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அடுத்தது மேடு. பிரிட்டனில் சில ஏற்றங்கள் கேரவன்காரர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. பெயரைச் சொன்னாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வடக்கு யார்க்ஷயரில் ஏ170 சாலையில் உள்ள சட்டன் பேங்க், நாலடிக்கு ஓரடி ஏறும் மேடு. அங்கே கேரவனுக்குத் தடையே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் போகும் பேலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம். ஓட்டப் பழகுபவர்களும் கேரவன்களும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை. சாமர்செட்டில் ஏ39இல் உள்ள போர்லாக் மேடும் நாலுக்கு ஒன்றுதான், கொண்டை ஊசி வளைவுகளோடு. ஆனால் பக்கத்திலேயே எஸ்டேட்டுக்குச் சொந்தமான சுங்கச் சாலை ஒன்று பதினாலடிக்கு ஓரடி என்று சாவகாசமாக ஏறுகிறது. வாங்கப்போகும் கருவியின் தராதரம் தெரிய, கடையிலேயே இந்தப் பெயர்களைத் தட்டிப் பார்ப்பது நல்லது. விற்பனையாளர் முகம் மாறினாலும் பரவாயில்லை.

வேகமும் உண்டு. கார் மட்டும் போனால் ஒற்றைச் சாலையில் மணிக்கு 60 மைல், மோட்டார்வேயில் 70. கேரவன் மாட்டினால் 50, 60. கேரவனுக்கென்று அமைத்துக்கொள்ளாத கருவி, போய்ச்சேரும் நேரத்தை 70 மைல் கணக்கில் சொல்லிவிடும். அதை நம்பி மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

அதனால்தான் கருவியில் இரண்டு கணக்கு வைக்கச் சொல்கிறார்கள்: தனிக் கார் ஒன்று, கேரவனோடு ஒன்று. இதிலும் ஒரு வில்லங்கம். முகாமில் கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுப் பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிறவர் கணக்கை மாற்ற மறந்தால், முக்கால் மைல் தள்ளியிருக்கும் கடைக்கு அது மலையைச் சுற்றிக் கூட்டிப்போகும்.

வழிகாட்டி இல்லாமல் கேரவன் ஓடாது என்பது புது விஷயமல்ல. பொழுதுபோக்குக்காகவே கட்டிய முதல் கேரவன் என்று பிரிட்டனில் கொண்டாடுவது 1885இல் வந்த 'வாண்டரர்' வண்டியை. கடற்படை மருத்துவராக இருந்து சிறுவர் கதை எழுத்தாளரான கார்டன் ஸ்டேபிள்ஸ் அதைச் செய்வித்தார். சுமார் இரண்டு டன் எடை, இழுக்க இரண்டு குதிரை, கூடவே ஒரு நாயும் கிளியும். ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனார். வழியில் என்ன வருகிறது என்று பார்க்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவார். அந்த ஆளுக்கு அப்டேட் தேவைப்படவில்லை.

முன்னால் போகிற ஆள் இல்லாமல் கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2008இல் துருக்கியிலிருந்து கிப்ரால்டருக்குக் கார்கள் ஏற்றிப்போன சிரியா நாட்டு லாரி ஓட்டுநர் ஒருவர், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கெக்னஸ் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே ஒரு பறவைச் சரணாலயத்தின் பெயர் கிப்ரால்டர் பாயின்ட். அடுத்த வருஷம் இத்தாலியின் காப்ரிக்குக் கிளம்பிய ஸ்வீடன் தம்பதி, இரண்டு எழுத்து இடம் மாறியதில், வடக்கே கார்பி என்ற தொழில் நகரத்தில் இறங்கி கடலுக்கு வழி கேட்டார்கள். காப்ரி தீவு. வழியில் படகு எதுவும் ஏறவில்லையே என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரையின் அளவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து அங்குலம் கண்ணாடி தேடவைக்கும். பத்து அங்குலம் சாலையை மறைக்கும். ஆறோ ஏழோ போதும். குரலை ருசிக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸின் குரல்கூட டாம்டாமுக்கு ஒரு காலத்தில் விற்பனைக்கு வந்தது. கடல் தாண்டி பிரான்சுக்குப் போகிறவர்கள் வேக கேமரா இருக்குமிடத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். 2012 முதல் அங்கே அது குற்றம்.

நம் வீட்டுக்காரருடைய கருவி, அளவுகளைத் திருத்திய பிறகு, குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டது. அந்தக் கோடையில் போர்லாக் வந்ததும் மேட்டை விட்டுவிட்டுச் சுங்கச் சாலைக்குத் திருப்பியது. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

தங்கப் போன இடம் ஒரு பண்ணை. கேரவன் கிளப்பின் அங்கீகாரம் பெற்ற, ஐந்து கேரவன்களுக்கு மேல் நிறுத்தக்கூடாத சின்னத் தங்கல். பதிவுக் கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: கடைசி இரண்டு மைலுக்கு தயவுசெய்து சாட்நாவை நம்ப வேண்டாம். கருவிக்கு முகவரியாகக் கொடுப்பது போஸ்ட்கோடு; பிரிட்டனில் அது சராசரியாகப் பதினைந்து முகவரிகளுக்குப் பொது. நகரத்தில் அது தெருவின் ஒரு துண்டு. கிராமத்தில் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் பண்ணைகள் அத்தனைக்கும் ஒரே குறியீடு.

வீட்டுக்காரம்மா கடிதத்தைப் பார்த்துப் படித்தார். தேவாலயம் தாண்டி இடது, பால் கேன் வைத்த வாசல் தாண்டி வலது. குறுகலான வளைவு வந்ததும் இறங்கி முன்னால் நடந்தார், திரும்பிப் பார்த்துக் கையசைத்தபடி. சைக்கிள்தான் இல்லை.

கேரவனை நிறுத்தி, கால்களை இறக்கி, காஸைத் திறந்து, கெட்டிலை அடுப்பில் ஏற்றியாயிற்று. காருக்குள்ளிருந்து கருவியின் குரல் கேட்டது. சேருமிடத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கிறதாம்.