தாஷ்கண்ட் போகிறவர்கள் கவனத்துக்கு

நெய்வேலியில் நான் வளர்ந்த காலத்தில் தாஷ்கண்டைப் பற்றி எங்களிடம் மூன்று தகவல்கள் இருந்தன. சாஸ்திரி அங்கேதான் இறந்தார். அங்கே பருத்தி விளைகிறது. அங்கே போனால் எதையும் போட்டோ எடுக்கக் கூடாது.

முதல் தகவல் அப்பாவுடையது. 1966 ஜனவரி 10-ம் தேதி பாகிஸ்தானோடு ஒப்பந்தக் கையெழுத்து, மறுநாள் விடிவதற்குள் பிரதமர் இல்லை என்பதைப் பக்கத்து அறையில் படுத்திருந்தவர் மாதிரி சொல்வார். இரண்டாவது, என் நோட்டு அட்டைகள் தந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அட்டை போட ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழத் தாளுக்கு ஈடாக எதுவும் கிடையாது. என் கணக்கு நோட்டில் உஸ்பெக் பெண்கள் பூ வேலை செய்த குல்லாயோடு வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டே பருத்தி பறித்தார்கள். அந்தப் பருத்திக்காக ஆற்றுத் தண்ணீரைத் திருப்பியதில் ஆரல் கடல் வற்றிக்கொண்டிருந்த சேதியை அட்டையில் போடவில்லை.

மூன்றாவது தகவலுக்கு எதிர் வீட்டு அங்கிள் பொறுப்பு. அவர் முதல் தெர்மலில் வேலை பார்த்தார். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அந்த முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்ததும் ஊர்ப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். சுரங்கத்தில் மேற்கு ஜெர்மனிக்காரன் கொடுத்த பக்கெட் வீல் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வாரிப் போடும். கன்வேயர் பெல்ட் நிலக்கரியைக் கொண்டுபோய் ரஷ்யாக்காரன் பாய்லரில் கொட்டும். உலகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு முறைத்த இரு தரப்பும் கடலூர்ப் பக்கத்தில் ஒரே பெல்ட்டில் சமாதானமாக வேலை செய்தன. இதற்கு யாரும் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கியதாகத் தெரியவில்லை.

அங்கிளை ட்ரெய்னிங்குக்கு ரஷ்யா அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் அவர்தான் எங்கள் வட்டத்துக்குச் சோவியத் நிபுணர். யாராவது அந்தப் பக்கம் போகப்போவதாகப் பேச்சு வந்தால் போதும், ஈசி சேரில் நிமிர்ந்து உட்காருவார். “பால்பாயிண்ட் பேனா ஒரு டஜன் எடுத்துக்க. சூயிங் கம் எடுத்துக்க. பொட்டு பாக்கெட் எடுத்துக்க, ரஷ்யாக்காரப் பொம்பளைங்க உயிரையே குடுப்பாங்க. பாலத்தை எடுக்காத, ஸ்டேஷனை எடுக்காத, போலீஸ்காரனை எடுக்கவே எடுக்காத. ஹோட்டல்ல மாடிக்கு மாடி ஒரு அம்மா சாவியோட உக்காந்திருக்கும், அதைப் பகைச்சுக்காத. ரூமுக்குள்ள அரசியல் பேசாத. தெருவில எவனாவது டாலர் கேட்டா காது கேக்காத மாதிரி நட. எங்கயாவது மாட்டிக்கிட்டா ராஜ்கபூர்னு சொல்லு, விட்டுருவான்.”

தாஷ்கண்ட் எப்படி அங்கிள் இருக்கும் என்று கேட்டால் மட்டும் பதில் சுருங்கிவிடும். “ரொம்பச் சுத்தமான ஊருப்பா. தக்காளி பெருசா இருக்கும்.” வெகு காலம் கழித்து அவர் மனைவிதான் விஷயத்தை உடைத்தார். டெல்லியிலிருந்து மாஸ்கோ போகும் ஏரோஃப்ளோட் விமானம் தாஷ்கண்டில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ளுமாம். அந்த நேரத்தில் விமான நிலையக் கூடத்தில் உட்காரவைத்து ரொட்டியும் தக்காளியும் கொடுத்திருக்கிறார்கள். அங்கிள் பார்த்த தாஷ்கண்ட் அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய ஆலோசனையில் பெரிய தப்பு எதுவும் இல்லை என்பதைப் பின்னால் அங்கே போனபோது தெரிந்துகொண்டேன். எல்லாம் காலாவதியாகிவிட்டது, அது வேறு.

இப்போது நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரிலும் வடலூரிலும் வீடு கட்டிக்கொண்ட ரிட்டயர்டு ஆட்கள் காலை வாக்கிங்கில் கூடினால் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி அஜர்பைஜானில் முடிகிறது. ஒருவர் பாக்கு போய் வந்துவிட்டார், இன்னொருவர் அல்மாட்டி. பிள்ளையை மருத்துவம் படிக்க சமர்கண்டுக்கு அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் நம் பிள்ளைகள் கூட்டம் கூடியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பட்டியல் வரும். அங்கிளிடம் ஒரே பட்டியல்தான் இருந்தது, அதுவும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் பங்குக்கு நானும் சொல்லிவைக்கிறேன்.

உஸ்பெகிஸ்தான் விசா பெரிய விஷயமே இல்லை. 2018-லிருந்து இணையத்திலேயே இ-விசா கொடுக்கிறார்கள். ஒருமுறை நுழைய இருபது டாலர், முப்பது நாள் தங்கலாம். டெல்லியிலிருந்து விமானம் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சிரமமான பகுதி நெய்வேலியிலிருந்து சென்னை விமான நிலையம் போய்ச் சேர்வதுதான். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நாலு வழியாக்கும் வேலையைப் பார்த்தே பாதிப் பேருக்கு முடி நரைத்தது. அதற்காகக் கையில் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாஷ்கண்ட் கடிகாரம் நமக்கு அரைமணி பின்னால். அதற்கும் ஒருவர் மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் போய்க் கேட்டார்.

பணம்தான் வேடிக்கை. ஒரு டாலருக்குப் பன்னிரண்டாயிரம் சோம் சொச்சம் கிடைக்கும். நூறு டாலர் மாற்றியதும் மனிதன் லட்சாதிபதி. பஜாரில் ஒரு கிலோ உலர்திராட்சைக்கு விலை கேட்டால் நெஞ்சு திக்கென்கும், பிறகு கணக்குப் போட்டால் பண்ருட்டி முந்திரியைவிட மலிவு. சில வருஷம் முன்பு வரை அரசு விலை ஒன்று, தெரு விலை ஒன்று. சின்ன நோட்டாகக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள், பணம் கொண்டுபோக மஞ்சள் பை வேண்டும். 2017 செப்டம்பரில் ஒரே நாளில் டாலரை 4,200 சோமிலிருந்து 8,100-க்கு விட்டார்கள், தெருக்காரன் தொழில் படுத்தது. இப்போது வங்கியிலேயே மாற்றலாம். ரூபாயைக் கொண்டுபோகாதீர்கள், சீண்டமாட்டார்கள். டாலர் புதுசாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். ஓரத்தில் பேனாக் கோடு இருந்தாலும் கவுண்டர் பெண் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

டாக்சிக்குத் தெருவில் கைகாட்ட வேண்டாம். செல்போனில் யாண்டெக்ஸ் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், பேரமும் இல்லை, மொழியும் வேண்டாம். மெட்ரோ 1977-ல் வந்தது, மத்திய ஆசியாவிலேயே முதலாவது. அணுகுண்டுப் பாதுகாப்பிடம் என்று சொல்லி 2018 வரை உள்ளே போட்டோ எடுக்க விடவில்லை. ‘காஸ்மோநாட்லார்’ நிலையத்தில் நீலச் சுவரில் ககாரினும் தெரஷ்கோவாவும் மிதக்கிறார்கள். அங்கே நெய்வேலியிலிருந்து சேர்ந்து போன எங்கள் கோஷ்டி எடுத்த செல்ஃபிக்கு அங்கிள் உயிரோடு இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் ஒளித்துவைக்க இடம் தேடியிருப்பார். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். குரூப் போட்டோ எடுக்கப் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஊரில் வழி தப்பாது. சாஸ்திரி இறந்த அதே 1966-ல், ஏப்ரல் 26-ம் தேதி நிலநடுக்கம் வந்து பழைய மண்வீடுகள் சரிந்தன. மற்ற சோவியத் குடியரசுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்து ஊரைத் திரும்பக் கட்டினார்கள். சிலான்ஸார், யூனுசாபாத் போன்ற பகுதிகளில் தெருப்பெயரைவிட எண்தான் முக்கியம்: இத்தனையாவது பகுதி, இத்தனையாவது கட்டடம், இத்தனையாவது வாசல், வீடு. வெளியூர்க்காரன் தலையைச் சொறிவான். நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் வட்டம், வீட்டு எண், டைப் என்று விலாசம் எழுதியே வளர்ந்த கூட்டத்துக்கு அது தாய்வீடு. சிலான்ஸாரில் ஒரு மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களைப் பார்த்து எங்களில் ஒருவர், “சார், இவங்க எல்லாம் செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்கதான், முகத்தைப் பாருங்க” என்றார். நம்முடையதில் வீட்டைச் சுற்றித் தோட்டமும் பலாமரமும் உண்டு, அங்கே மாடி மாடியாகப் புறாக்கூடு. சோவியத் யூனியன் போய்விட்டது. எங்கள் முதல் தெர்மலும் 2020-ல் மொத்தமாக நின்றுவிட்டது. எண் போட்ட வீடுகள் இரண்டு ஊரிலும் அப்படியே இருக்கின்றன.

சிலைகளைப் பற்றி அங்கே கருத்து சொல்லாதீர்கள், அது மட்டும் அங்கிள் காலத்து ஆலோசனை. ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தில் ஒரு காலத்தில் ஸ்டாலின், அப்புறம் கார்ல் மார்க்ஸின் தலை, 1993-லிருந்து குதிரைமேல் அமீர் தைமூர். 2009-ல் அங்கிருந்த பழைய சினார் மரங்களையும் வெட்டிவிட்டார்கள். ஆள் மாறினால் சிலை மாறுவது நமக்குப் புரிகிறது. மரம் என்ன பாவம் செய்தது என்று எங்கள் கோஷ்டியில் எல்லோருக்கும் தாங்கவில்லை. எங்கள் சுரங்கத்துக்காக எத்தனை ஊர் எழுந்து போயிற்று என்ற ஞாபகம் அப்போது யாருக்கும் வரவில்லை. சாஸ்திரி சிலை மட்டும் பத்திரமாக இருக்கிறது, அவர் பெயரில் தெருவும் உண்டு. மாலை வாங்கிக்கொண்டு போங்கள்.

இனி சாப்பாடு, நீங்கள் கேட்க வந்ததே இதுதான். அவர்களுடைய புலாவான ‘பிளோவ்’ மதியத்தில்தான். பெரிய இரும்புக் கொப்பரையில் ஆட்டுக் கொழுப்பு, மஞ்சள் கேரட், கொண்டைக்கடலை போட்டு ஏற்றுவார்கள். ஒரு மணி தாண்டினால் தீர்ந்துவிடும். மேலே வட்டமாகக் கறுப்பாக அடுக்கியிருப்பது குதிரை இறைச்சி. தெரிந்து சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும், தெரியாமல் சாப்பிட்டவரிடம் ஊர் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அது அவர்களுக்கு அபசாரம். சைவக்காரர்கள் சோர்சு பஜாரின் நீலக் கூரைக்கடியில் பழமும் வெள்ளரியும் தின்று நாளை ஓட்டிவிடலாம்.

எங்கள் கோஷ்டி அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. பெட்டியில் பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அதோடு ஒரு கரண்ட் குக்கர். ஹோட்டல் அறைச் சுவரில் வட்டக் குழி, அதற்குள் இரண்டு துளை. எங்கள் குக்கரில் மூன்று பின். சுற்றி நின்றவர்கள் யார்? வாழ்நாள் முழுக்கப் பாதித் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தயாரித்து அனுப்பியவர்கள். “வோல்டேஜ் ஒண்ணுதான் சார், 220.” “எர்த் இல்லாம சொருகறதா? சேஃப்டில இருந்தவன் நான், சம்மதிக்க மாட்டேன்.” “ரெண்டு வயரை உருவி நேரா சொருகிடலாம்.” “பர்மிட் யார் குடுப்பா?” டர்பைன், பாய்லர், ஸ்விட்ச்யார்டு என மூன்று பிரிவும் கலந்து பேசி முடிவு எட்டவில்லை. ஒருவர் வீட்டம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கைப்பையைத் திறந்தார். நெய்வேலி மெயின் பஜாரில் வாங்கிய அடாப்டர். “நகருங்க.”

ஆகவே அடாப்டர் முக்கியம். மாதமும் முக்கியம்: ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் நாற்பது டிகிரி, அந்த வெயிலுக்கு விருத்தாசலமே போதும். ஜனவரி வேண்டவே வேண்டாம். 2023 ஜனவரியில் கடுங்குளிரில், கேஸ் விளைகிற அந்த நாட்டின் தலைநகரத்திலேயே கேஸும் கரண்டும் தடுமாறி, மேயரின் பதவியே போயிற்று. கரண்ட் கட் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்த நெய்வேலிக்காரர் தாங்கமாட்டார்.

இவ்வளவையும் போன வாரம் வாக்கிங்கில் ஒருவருக்கு விலாவாரியாகச் சொன்னேன். அக்டோபரில் போகிறாராம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரி சார். தயிர் கிடைக்குமா?”

“கிடைக்கும். கத்திக்னு கேளுங்க, கெட்டியா, நல்லா இருக்கும்.”

“அப்ப சரி,” என்றார். “வடுமாங்கா நாங்க எடுத்துக்கறோம்.”