சூடு கண்ட இடத்தில் சுவடு

கே: மீக்கடத்திக்கும் எக்ஸ்-கதிருக்கும் என்ன உறவு?

ப: தெர்மாமீட்டர் உறவு! எக்ஸ்-கதிர் ஃபோட்டான் ஒன்று உணரியில் விழுந்தால் துளி சூடு பிறக்கும். மின்தடை மறையப்போகும் விளிம்பிலேயே ஒரு மீக்கடத்திப் படலத்தை நிறுத்திவைத்தால், அந்தத் துளி சூட்டுக்கே தடை சட்டென்று ஏறிவிடும். எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிடலாம். ஆய்வகத்தில் இந்த உணரியின் செல்லப்பெயர் டி.இ.எஸ். (டிரான்சிஷன் எட்ஜ் சென்சார்).

கே: எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும்?

ப: 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தில் மீக்கடத்தலைக் கண்டது ஏறக்குறைய 4.2 கெல்வினில். இந்த உணரிக்கு அதுவே அனல்! இது வேலை செய்வது 0.1 கெல்வின் அளவில். நட்சத்திரங்களுக்கு இடையிலான வெட்டவெளிகூட இவ்வளவு குளிராக இராது. குளிரக் குளிர, துளி சூடும் பெரிதாகத் தெரியும், இரைச்சலும் அடங்கும்.

கே: சிலிக்கான் உணரி இருக்கையில் இவ்வளவு பாடு எதற்கு?

ப: இரும்பு-55 என்ற கதிரியக்க மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாங்கனீசின் இரண்டு கோடுகளை வீசும்: 5,888, 5,899 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி வெறும் 11. சிலிக்கானின் பகுதிறன் 130 அளவில் இருப்பதால் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். நல்ல டி.இ.எஸ். இரண்டு மூன்று எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துவிடும்.

கே: அந்த நுணுக்கத்தால் யாருக்கு லாபம்?

ப: மூச்சுவிடும் நம் எல்லோருக்கும். இலைக்குள் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் தருவது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த சிறு கொத்து. அது எப்படிச் செய்கிறது என்று அறிய மாங்கனீசின் குரலைக் கேட்க வேண்டும். ஆனால் சுற்றிலும் புரதம், நீர், எங்கும் ஆக்சிஜன். ஆக்சிஜனின் கோடு 525 எலக்ட்ரான் வோல்ட்டில். மாங்கனீசின் மென் எக்ஸ்-கதிர்க் கோடு 640க்கு அருகில். சந்தை இரைச்சலில் ஒரு குழந்தையின் குரலைப் பிரித்தெடுக்கும் காது வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் மையத்தில் 240 உணரிகள் கொண்ட கருவி இருப்பது இப்படி நீர்த்த மாதிரிகளுக்காகத்தான்.

கே: முனைவர் பட்டம் வாங்கிய பிறகு போஸ்ட்டாக் ஆய்வாளர் இதில் என்ன செய்வார்?

ப: மாலிப்டினத்தையும் தங்கத்தையும் மெல்லிய படலங்களாக அடுக்கி, கனத்தை மாற்றி மாற்றி விளிம்பு வெப்பநிலையைச் சரிசெய்வார். மயிரிழைக் கம்பி கட்டுவார். குளிரூட்டி இறங்கும்வரை காத்திருப்பார். பிறகு இரைச்சல் வேட்டை: பம்பின் அதிர்வா, கசியும் காந்தப்புலமா? ஓர் உணரி ஒரு நொடியில் சில நூறு ஃபோட்டான்களையே எண்ண முடியும் என்பதால் உணரிகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆளுக்கொரு கம்பி போட்டால் கம்பி வழியே சூடு இறங்கிவிடும். ஒரே கம்பியில் பல உணரிகளைப் பேசவைப்பதுதான் இன்றைய பெரிய சவால்.

கே: எனக்கும் ஆசை. எங்கே தொடங்குவது?

ப: சாலிடரிங் இரும்பில் தொடங்குங்கள். திடநிலை இயற்பியலும் பைத்தானும் கூடவே வரட்டும். தோற்ற சோதனையையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த படலத்துக்கு அதுதான் வழிகாட்டி. பிறகு ஒரு காலை, திரையில் மாங்கனீசின் அந்த இரண்டு கோடுகளும் தனித்தனியே எழுந்து நிற்கும். உங்கள் கைவேலை சரி என்று அவை சொன்னால் போதும், வேறு சான்றிதழ் வேண்டாம்.