மாப்ளே, போனைக் கீழ வை

பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் போன ராத்திரி, நான் வேங்கிக்கால் திண்ணையில உக்காந்து உன் நாவலைச் சுத்தினேன் மாப்ளே. 14 கிலோமீட்டரும் நடந்தவன் விடியறதுக்குள்ள வீடு சேர்ந்துட்டான். நான் இன்னும் உன் மழை அத்தியாயத்துலயே நனைஞ்சிக்கிட்டிருந்தேன்.

குறை சொல்லல. ஏரி ரொம்பி மதகு திறக்கற இடத்துல கண்ணு கலங்கிடுச்சு. ஆனா மல்லாட்டைக் கொல்லையில களை புடுங்கற கிழவி எதுக்குத் தத்துவம் பேசறா? களை புடுங்கறவ கூலியைப் பத்திப் பேசுவா.

பரிசு வருமான்னு கேக்கறே. சாகித்திய அகாடமின்னா இந்த டிசம்பர்ல போனைக் கையிலயே வெச்சிக்கிட்டுத் திரியாதே. போன வருசத்துப் புஸ்தகத்தையே அவங்க எடுத்துக்க மாட்டாங்க. அதுக்கு முந்தின அஞ்சு வருசம்தான் கணக்கு. குண்டா இருந்தாத்தான் குடுப்பாங்கன்னு எவன் சொன்னான்? 2011ல ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டினதுதான், சு. வெங்கடேசனுக்கு அது முதல் நாவல் வேற. ஆனா 2023ல வாங்கின தேவிபாரதியோட ‘நீர்வழிப் படூஉம்’ ஒரே ராத்திரியில முடிஞ்சிடும். 2018ல ‘சஞ்சாரம்’, நாதஸ்வரக்காரங்க கதை. உன் நாவல்ல நடுவுல ஒரு தவில்காரன் திடுதிப்புன்னு வந்து நிக்கறானே, ஏன்னு எனக்குத் தெரியாதா?

சுந்தர ராமசாமிக்குக் கடைசி வரைக்கும் அகாடமி பரிசு தரல. அசோகமித்திரன் அத்தனை நாவல் எழுதினாரு. 1996ல குடுத்தது சிறுகதைத் தொகுப்புக்கு. நடுவருங்க மூணு பேர் முடிவு பண்றது. அந்த மூணு பேர் யாருன்னு மோப்பம் புடிக்கத்தானே போன வாரம் மெட்ராஸ் போனே?

இன்னொண்ணு கேளு. அகாடமி தர்றது 1 லட்சம். பெருமாள்முருகனோட ‘ஆளண்டாப்பட்சி’ 2012ல வந்தது. இங்கிலீசுக்குப் போய் 2023ல ஜேசிபி பரிசு வாங்குச்சு. அவருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். உனக்குப் பொண்ணு பாக்கறதை நிறுத்திட்டு மொழிபெயர்க்க ஆள் பாக்கச் சொல்லி உங்கம்மாகிட்ட சொல்லட்டுமா?

அப்புறம், அந்த வட்டிக்கு விடற கஞ்ச மாமன். பேரை மாத்தினியே, மீசையையும் மொபெட்டையும் மாத்தினியா? பரிசு வந்தா அது நான்தான்னு மேடையில சொல்லிடு. வரலைன்னா அவன் போளூர்க்காரன்.