இன்னும் பார்க்கலியா நீ?

அலுவலகத்தில் ஒருவர், அடுக்ககத்தில் ஒருவர், சொந்தத்தில் கட்டாயம் ஒருவர் இப்படி இருப்பார். அவர் காதுபட உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசிவிடக் கூடாது. பேசினால் மருந்துச் சீட்டு எழுதிவிடுவார்.

"செஸ் கொஞ்சம் ஆடுவேன்" என்றான் ஒரு பையன். சத்யஜித் ராய் 1977இல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி'யைப் பார்க்கும்வரை அவனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அச்சகத்தில் டிடிபி செய்யும் பெண்ணுக்கு 'ஹெல்வெட்டிகா'. ஒரே ஒரு எழுத்துருவைப் பற்றி 2007இல் வந்த முழுநீள ஆவணப்படம். "வில்லன் யாரு சார்?" என்று அந்தப் பெண் கேட்க, யோசிக்காமல் "ஏரியல்" என்றார். இட்லி சரியாக வருவதில்லை என்று புலம்பிய மயிலாப்பூர் மாமிக்கு, டோக்கியோ சுரங்க ரயில் நிலையத்தில் பத்தே இருக்கையோடு கடை நடத்தும் கிழவரின் கதையான 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி'. பச்சை மீனைக் கண்டதும் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அரிசி விஷயத்தில் அந்தத் தாத்தா ரொம்ப நியாயமானவர் என்று இன்றும் சொல்கிறார்.

இதுவரை யாருக்கும் சேதமில்லை. ஸ்டார் வார்ஸ் பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் சொல்லும்போதுதான் விவகாரம் தொடங்குகிறது. 1977இல் வந்த முதல் படம் கதைப்படி நாலாம் பாகம். ஒன்றாம் பாகம் வந்ததோ 1999இல்.

"வந்த வரிசையிலேயே பார்த்துடறேனே அண்ணே?"

"பாரு. உன் தலையெழுத்து."

"அப்ப கதை வரிசைல?"

அவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பிறகு, 2011இல் ஓர் அமெரிக்க மென்பொறியாளர் வகுத்த வரிசையை மந்திரோபதேசம் மாதிரி மெதுவாகச் சொல்கிறார்: "நாலு, அஞ்சு, ரெண்டு, மூணு, ஆறு."

"ஒண்ணு?"

"ஒண்ணு வேண்டாம்."

"அஞ்சுக்கப்புறம் ஏன் ரெண்டு?"

"சொன்னா கெட்டுடும்."

புத்தகமும் இப்படித்தான். 2021இல் 'டியூன்' படத்துக்கு டிக்கெட் எடுத்தவனை மடக்கி, 1965இல் வந்த நாவலை முதலில் முடிக்கச் சொன்னார். அவன் பாதி தாண்டுவதற்குள் படம் தியேட்டரை விட்டே போய்விட்டது.

எல்லா நிபந்தனையும் நிறைவேறிப் படம் போட்டால், அவர் படத்தைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறார். திருப்பம் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் தொண்டையைக் கனைக்கிறார். கதை கெடுவது அந்தக் கனைப்பில்தான். நீங்கள் வாய் பிளந்தால் அவருக்குப் பரம திருப்தி, கொட்டாவி விட்டால் உறவே ஆட்டம் காணும். எனக்குத் தெரிந்தவரை இது கர்வமில்லை, பொறாமை. அவர் இனி எந்தக் காலத்திலும் அதை முதல்முறையாகப் பார்க்க முடியாது. நீங்கள் பார்க்கலாம்.

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவரிடம் வழக்கம்போல் ஆரம்பித்தார். "சார், பிளேட் ரன்னர்னு ஒரு படம்..."

"எது? 82ல ஹாரிசன் ஃபோர்டு குரல்ல கதை சொல்றாரே, அதா? அந்தக் குரலை எடுத்துட்டு 92ல விட்டாங்களே, அதா? இல்லே 2007ஆ?"

நம்மவர் சாம்பாருக்குக் கரை கட்ட மறந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல காமிக்ஸ் படிச்சிருக்கணும். 72ல முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவி வந்தப்ப நீங்க பொறந்தீங்களோ என்னவோ. ஷாக் அடிச்சா மறைஞ்சுடுவான், கை மட்டும் தெரியும். சரி, ஸ்பைடர்னு இன்னொரு காமிக்ஸ் ஹீரோ, அவன் கதைல பாதிக்கு மேல யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர்."

பாயசம் வந்து போனது. மோர் வந்து போனது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் இலையை மடித்துவிட்டுத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் நின்ற பையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீ காமிக்ஸ் படிப்பியா?"