மாப்ளைக்கு மட்டும் முன்தேதி கசக்குது

வா மாப்ள, உக்காரு. மண்ணரையில நாலு பவர்டேபிள் போட்டவனெல்லாம் சிரிச்சுட்டுத் திரியறான், உன்ற மொகம் மட்டும் ஏன் கசக்கிப் போட்ட பனியன் வேஸ்டாட்டம் இருக்குது? டெல்லி குடுத்த சலுகையெல்லாம் உன்ற உரிமையாமா, அதுல கை வெச்சாப் பாவமாமா?

கோட்டாக் காலம் உனக்கு ஞாபகம் இருக்காது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இத்தன பீசுதான் போகணும்னு கட்டுப்பாடு. முன்னால எவன் எவ்வளவு அனுப்புனானோ, அதப் பாத்துப் பங்கு. அந்தப் பங்க அடுத்தவனுக்கு வித்துட்டு, மிசின் சத்தமே கேக்காம ஏற்றுமதியாளர்னு போர்டு மாட்டுன ஆளுகளும் இருந்தாங்க. சட்டத்துல அதுக்கு எடமும் இருந்துது. 2005 சனவரி 1ல கோட்டா போச்சு. ‘என்ற சொத்தப் புடுங்கிட்டாங்க’ன்னு அழுதாங்க. 1995லயே சொல்லிப் பத்து வருசம் தவணை குடுத்துருந்தாங்க மாப்ள. எனக்குக் கண்ணுல தண்ணி வரல.

உன்ற கேசு வேற, ஒத்துக்கறேன். துணிமணி ஏற்றுமதிக்கு 4 சதவீதம் வந்துட்டிருந்த எம்.இ.ஐ.எஸ். சலுகைய 2020 சனவரியில நிறுத்துனாங்க. நிறுத்தட்டும், அவங்க குடுத்தது. ஆனா 2019 மார்ச் 7ல இருந்தே கெடையாதுன்னாங்க பாரு! புதுச் சலுகை அன்னைக்கே வந்துருச்சாம், அதனால பழசு செல்லாதாமா. அந்த நாலு வரும்னு நம்பித்தான் நீ பையருக்கு வெல சொன்ன. சரக்கு கப்பலேறிப் போயி, வாங்குனவன் போட்டுக் கிழிச்சும் இருப்பான். அவங்கிட்டப் போயி இனி வெலய ஏத்திக் கேக்க முடியுமா? இதுல நீ வையறது நாயந்தான். நல்லா வையி.

இதச் சொல்லத்தான் சனிக்கிழம சாயங்காலம் உன்ற கம்பெனிக்கு வந்தேன். சம்பளப் பட்டுவாடா நடந்துட்டிருந்துது. ஓவர்லாக் அடிக்கற பொண்ணு நோட்ட நீட்டுது. திங்கக்கிழமையில இருந்து தெச்ச பீசெல்லாம் நாள்வாரியா எழுதி, ஓரத்துல சூப்பர்வைசர் கையெழுத்து. நீ நிமிந்துகூடப் பாக்கல. ‘ஆர்டர்ல மார்ஜின் இல்ல, இந்த வாரத்துல இருந்து பீசுக்கு இருவது காசு கம்மி’ன்ன.

இந்த வாரம்னா எந்த வாரம் மாப்ள? தெச்சு முடிச்ச வாரமா? டெல்லிக்காரனாவது பத்து மாசங் கழிச்சு ஒரு காயிதம் போட்டான். நீ அந்தச் செலவும் வெக்கல.

கோச்சுக்காத. சங்கத்துல பேசறதுக்கு என்னமோ எழுதி வெச்சிருக்கயாமா. முன்தேதி போட்டுப் புடிக்கறது அநியாயம்னு அழுத்திப் பேசு. வர்றப்ப ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. பேரையும் தேதியையும் மாத்தி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டா, அது வேற தனியா எழுத வேண்டியதில்ல.