நெடுஞ்சாலை முடியுமுன் முடிந்துபோன புகார்

பெறுநர்: சோலாப்பூர் சாலையின் கடைசிச் சில கிலோமீட்டருக்குப் பொறுப்பான, அல்லது பொறுப்பில்லை எனக் கருதுகிற, கனம் பொருந்திய அலுவலகம்.

பொருள்: தேசிய நெடுஞ்சாலை 65, இந்தாப்பூர் முதல் கோர்படி வரை. விவரம் சமர்ப்பித்தல்.

பார்வை: மனுதாரரின் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தி.

ஐயா / அம்மா,

தேசிய நெடுஞ்சாலை 65, ஆந்திரக் கடற்கரையிலுள்ள மசூலிப்பட்டினத்தைப் புனேயுடன் இணைக்கிறது. விஜயவாடா, ஹைதராபாத், சோலாப்பூர் ஆகிய ஊர்கள் இதன் வழியில் உள்ளன. 2010ஆம் ஆண்டு எண்கள் மாற்றப்படும்வரை இது 9ஆம் எண் சாலையாக இருந்தது. கிழக்குக் கோடியில் கடல் குறுக்கே நிற்பதால் சாலை எங்கே முடிகிறது என்பதில் குழப்பமில்லை. மேற்குக் கோடியில் கடல் இல்லை, அலுவலகங்கள் உள்ளன. ஆகவே அங்கே சாலை முடிகிற இடம் இன்னும் ஆராய்ச்சிக்குரியது.

புனேயின் கோர்படியில் வசிக்கும் மனுதாரர், ஹடப்சரைத் தாண்டி நகரத்துக்குள் இச்சாலையில் கிடக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார். சென்ற வாரம் மழையில், முன்னால் இட்லி மாவுத் தூக்கோடு ஸ்கூட்டரில் வந்தவர் அதே பள்ளத்தில் இறங்கினார். மாவு சாலைக்குப் போனது; சாலை அவர் வேட்டிக்கு வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் அவர் வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது செல்போன் ஒலித்தது. “பள்ளம் நிரப்பப்பட்டது. தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. சேவைக்கு நட்சத்திரம் வழங்குக.” சான்றாக ஒரு படமும் இருந்தது. அதில் பள்ளம் விளிம்புவரை மழைத்தண்ணீர் நிரம்பி, சாலையோடு சாலையாகச் சமமாகத் தெரிந்தது. நிரப்பியது வருண பகவான் என்றாலும், பெருமை அலுவலகத்தையே சாரும்.

இத்தகைய அலுவலகத்தின் ஆளுகையில் வந்து சேரும் சாலை எப்படிப்பட்டது என்பதைக் கிராமத்திலிருந்து வரிசையாகப் பதிவு செய்வது தகும்.

சோலாப்பூர்ப் பக்கமிருந்து வரும் சாலை இந்தாப்பூர் வட்டத்தில் புனே மாவட்டத்துக்குள் நுழைகிறது. இருபுறமும் கரும்பு. பீமா நதியின் உஜனி அணை நீர்த்தேக்கம் இப்பகுதியில் விரிந்து கிடக்கிறது. புனேயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பிக்வானில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். மீன் வியாபாரமும் உண்டு. இங்கே சாலை நான்கு வழி. நடுவில் அரளிச் செடி. மைல்கல்லின் தலையில் தேசிய நெடுஞ்சாலைக்குரிய மஞ்சள். இந்தப் பகுதி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, ஏனெனில் கேட்கும் அவசியம் நேர்வதில்லை. முடித்து வைக்கப் புகாரில்லாத வறண்ட பிரதேசம்.

அடுத்தது பாட்டஸ் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டிய சிறு வில்லையைக் கருவி படித்து, வண்டி எந்த வகை, எந்தக் கணக்கு, அதில் பணம் இருக்கிறதா என்பதையெல்லாம் நொடியில் சொல்லிவிடும். வண்டியின் உரிமையாளரை இவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கும் நாடு, பள்ளத்தின் உரிமையாளரையும் ஒருநாள் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கையுடன் பயணிகள் இங்கே வரிசையில் நிற்கின்றனர். பள்ளங்களுக்கும் ஒரு வில்லை ஒட்டலாம் என்பது மனுதாரரின் பணிவான யோசனை.

யவத்தைக் கடந்தால், புனேயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உருளி காஞ்சன். 1946இல் காந்தி இங்கே இயற்கை மருத்துவ ஆசிரமத்தை நிறுவினார். மண், தண்ணீர், சூரிய ஒளி ஆகியவற்றால் உடலைத் தேற்றும் முறை அது. நகரத்துக்குள் சாலையிலேயே மண் சிகிச்சையும் நீர் சிகிச்சையும் இலவசமாகக் கிடைப்பதால், கோர்படி மக்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

லோணி கால்போரில் எண்ணெய்க் கிடங்குகள் உள்ளன. டேங்கர் லாரிகள் இங்கிருந்து சாலையில் சேர்கின்றன. தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துக்காராம் பல்லக்கு, ஆண்டுதோறும் ஆனி, ஆடி வாக்கில் இவ்வழியே லோணி, யவத் எனத் தங்கிப் போகிறது. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வர் பல்லக்கு ஹடப்சர்வரை இதே சாலையில் வந்து, சாஸ்வட் பக்கம் திரும்பிவிடும். வார்கரிகள் எனப்படும் பக்தர்கள் லட்சக்கணக்கில் நடக்கும் இந்த நாட்களுக்கு முன்பாகத் தார் வண்டி தென்படுவது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகான் துக்காராமின் பல்லக்கில் வரும் பாதுகைக்குக் கிடைக்கும் சாலை, 21ஆம் நூற்றாண்டில் வரி கட்டுகிறவரின் ஸ்கூட்டருக்குக் கிடைப்பதில்லை. மகான் எந்தப் புகாரும் கொடுக்காதவர். ஆகையால் அவருடையது முடித்து வைக்கப்படவும் இல்லை.

ஹடப்சரில் கிராமம் முடிந்து நகரம் தொடங்குகிறது. காய்கறிச் சந்தை, மகர்பட்டா ஐ.டி. வளாகம், மேம்பாலம், அதற்குக் கீழே இன்னொரு நெரிசல். 2006 டிசம்பரில் நாட்டின் முதல் பி.ஆர்.டி. பேருந்துத் தடம் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர் வழியில் தொடங்கப்பட்டது. பஸ்ஸுக்கென்று தனி வழி விட்டார்கள். நாளடைவில் பைக்கும் ஆட்டோவும் காரும் அதில் புகுந்து, தனி வழி பொது வழியானது. பல நாடுகளிலிருந்தும் கற்ற திட்டம் அது. முடித்து வைத்த விதம் மட்டும் சொந்தச் சரக்கு.

இதற்கு அப்பால்தான் அலுவலகத்தின் மேதைமை வெளிப்படுகிறது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நெடுஞ்சாலையைப் பராமரிப்பது மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் அந்த வேலையை மாநில அரசோ அதற்குக் கீழ்ப்பட்டவர்களோ செய்யும்படி ஆணையிடலாம். அந்த ‘ஆனால்’ வழியாக ஒரு லாரியே போகலாம். நகரத்துக்குள் வந்தால் மாநகராட்சி. 1817இல் அமைந்த புனே கன்டோன்மென்ட்டுக்குள் போனால், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள வாரியம். பக்கத்தில் ரேஸ்கோர்ஸும் ராணுவ நிலமும். தண்டவாளம் வந்தால் ரயில்வே. ஒரு சக்கரம் ஒரு எல்லையிலும் மறு சக்கரம் மறு எல்லையிலும் ஓடும் பாக்கியம் இங்கே சாதாரண ஸ்கூட்டர்க்காரனுக்கும் வாய்க்கிறது. மனுதாரர் மறுபடி கேட்டபோது வந்த பதில், “குறிப்பிட்ட இடம் இவ்வலுவலக எல்லையில் இல்லை.” எல்லையில் இல்லாத பள்ளத்தை எப்படி நிரப்பினார்கள் என்பது கேட்கத் தகாத கேள்வி. புகார் இரண்டாம் முறையாக முடித்து வைக்கப்பட்டது.

வரி வாங்கும்போது எந்த அலுவலகமும் எல்லை பார்ப்பதில்லை. மழைத்தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் விழுந்து, பின்னால் வரும் டேங்கரில் சிக்கிச் சாகிறவன் எந்த எல்லையில் செத்தான் என்று அளக்கவா நாடாவை எடுத்து வரப்போகிறார்கள்? பத்துக் கூடை ஜல்லியும் ஒரு சட்டி தாரும் போட வக்கில்லாமல், தண்ணீரைப் படம் பிடித்து அனுப்புவது ஏமாற்று வேலை. அதற்கு வேறு பெயர் கிடையாது. நட்சத்திரம் வேறு கேட்கிறார்கள்.

இவ்வரிகளின் சூடு, மேலே சொன்ன நீர் சிகிச்சையின் பின்விளைவு. கனம் பொருந்திய அலுவலகம் பெருந்தன்மையுடன் இதையும் முடித்து வைக்கும்.

நெடுஞ்சாலையிலிருந்து கோர்படிக்குத் திரும்புகிறவருக்கு ரயில்வே கேட் காத்திருக்கிறது. கோர்படி ஜங்ஷனில் தவுண்ட் பக்கமும் மிரஜ் பக்கமும் தடங்கள் பிரிகின்றன. டீசல் என்ஜின் பணிமனையும் இங்கேதான். தவுண்ட் வழித்தடம் 1871இல் ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயுடன் இணைந்தது. இன்றும் சென்னை மெயில் அவ்வழியே வருகிறது. கேட் மூடியிருக்க, ஆம்புலன்சும் பள்ளி வேனும் நிற்க, ஊரிலிருந்து வரும் ரயிலையே பார்த்து நிற்கும் தமிழர்களுக்கு அதைத் திட்டவும் மனம் வருவதில்லை. இவ்வளவு கோபத்தையும் பாசத்தால் முடித்து வைக்கும் ஏற்பாடு உலகில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

திரும்பாமல் நேராகப் போகும் சாலை, ரேஸ்கோர்ஸைத் தாண்டி, புல்கேட் பஸ் நிலையத்தருகே நகரத் தெருக்களில் கரைகிறது. ‘நெடுஞ்சாலை இத்துடன் முடிகிறது’ என்ற பலகையை மனுதாரர் இதுவரை பார்த்ததில்லை.

மனுதாரரின் வேண்டுகோள் எளியது. இந்தாப்பூரில் மைல்கல்லின் தலைக்கு மஞ்சள் பூசியிருப்பதுபோல், ஹடப்சர் முதல் புல்கேட் வரை ஒவ்வொரு எல்லை மாறும் இடத்திலும் ஒரு கல் நட்டு, அந்தப் பகுதியைப் பராமரிக்க வேண்டிய அலுவலகத்தின் பெயரையும், பகலில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் அதில் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். புகாரை முடித்து வைக்கும் முன் பள்ளத்தில் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். குச்சியை மனுதாரரே தருவார்.

இப்படிக்கு,
கோர்படி மனுதாரர்