எடிட்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது

ஈமேக்ஸ்காரர் வேலைக்கு உட்கார்ந்ததும் நிரல் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது விவரம் அறியாதவர்கள் பழக்கம். அவர் முதலில் இனிட்.எல் என்ற அமைப்புக் கோப்பைத் திறப்பார். ஈமேக்ஸ் 1976-இல் எம்ஐடியில் பிறந்த எடிட்டர். 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ ஈமேக்ஸை வெளியிட்டார். இதுவரை யாராவது அதை முழுதாக அமைத்து முடித்ததாகத் தகவல் இல்லை.

எழுத்துரு, கருப்புப் பின்னணி எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். அடுத்து 'ஈவில்' பேக்கேஜ். பரம எதிரியான விம் எடிட்டரின் விசைகளை ஈமேக்ஸுக்குள் குடியேற்றும் சமரசம் அது. (பெயர் வைத்தவருக்கு மனசாட்சி இருந்திருக்கிறது.) பைதானுக்குத் துணை வேண்டுமா? 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பிலிருந்து 'எக்லாட்' உள்ளேயே இருக்கிறது. மொழி சர்வரை நிறுவிவிட்டு ஒரு கட்டளை தட்டினால் போதும். அங்கேதான் சிக்கல். ஒரே கட்டளையில் முடிகிற வேலையில் என்ன சுவாரசியம்? வேறு நாலு பேக்கேஜைப் போட்டு, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை ஈமேக்ஸின் மொழியான லிஸ்ப்பில் பஞ்சாயத்து பண்ணினால்தான் பொழுது போகும்.

"வேலை எந்த அளவுல இருக்கு?" என்று மேலாளர் கேட்பார்.

"செட்டப் போய்க்கிட்டிருக்கு சார்."

பொய்யே இல்லை.

மனம் உடைந்தால் உள்ளேயே 'டாக்டர்' என்றொரு கட்டளை உண்டு. மனநல மருத்துவர் வந்து குறை கேட்பார். டெட்ரிஸும் உண்டு. புதிதாக நுழைகிறவர்கள் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியேற கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-சி.